தண்ணீர் படக்கூடாது

ஹாம்பர்க்
8 ஜூலை 2024

அன்புள்ள ஷர்லி,

போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தபோதும் இப்படித்தானே, கோபம் வந்தால் சீட்டு எழுதி உன் தலையணைக்கடியில் வைப்பேன். இப்போது தலையணை தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மெயிலில் வந்தாலும் இதைக் கடிதமாகப் படி.

உன் படங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. மீன்பெட்டி மூடிகளில் நீ வரைந்த ஏலக்காரர்கள், ஐஸ் கட்டிமேல் உட்கார்ந்து டீ குடிக்கும் ஆட்கள், நண்டுக்குப் பேரம் பேசும் அந்தக் குண்டு அம்மாள், எல்லாமே எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் நான் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் கியூரேட்டர்கள் நாங்கள் மூன்று பேர். ஹெல்கா தலைமை, நான் கடைக்குட்டி. பல நாட்டு இளம் கலைஞர்களிடமிருந்து வந்து குவிந்ததில் ஒரு கைப்பிடி பேரைத்தான் எடுக்க முடியும். அருங்காட்சியகத்தின் அறைகளை அட்டையில் சின்னதாகச் செய்து மேசைமேல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கலைஞரின் வேலையையும் தபால்தலை அளவுக்கு அச்சடித்து, இங்கே வைத்தால் எப்படி, அங்கே வைத்தால் எப்படி என்று நாள் முழுக்க நகர்த்துகிறோம். பார்க்க வருகிறவர் எந்தக் கதவில் நுழைவார், முதலில் எதைப் பார்ப்பார், எங்கே நிற்பார் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது.

உன் மூடிகளை வைத்தபோது ஹெல்கா "சந்தோஷமாக இருக்கிறது" என்றாள். அவள் வாயில் அது பாராட்டு இல்லை.

அப்புறம் நீ போன வாரம் சும்மா அனுப்பிய போட்டோ ஒன்றைக் காட்டினேன். பக்கத்து வீட்டு காத்தாயி அக்காவின் சுவர், ஆணியில் நீலக் கட்டம் போட்ட சட்டை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போய், எல்லை தாண்டினார்கள் என்று இலங்கையில் பிடித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் படகின் டிரைவர், அக்காவின் புருஷன் முனியசாமியுடைய சட்டை என்று சொன்னேன். அட்டை மாதிரியில் நடு அறையை ஹெல்காவே காலி செய்தாள்.

ஷர்லி, எங்களுக்கு அந்தப் படகில் போன ஐந்து பேருடைய சட்டைகளும் வேண்டும். வரைந்தது இல்லை, போட்டோ இல்லை, சட்டைகளே. உன் பெயரில், உன் படைப்பாக. வெளிநாட்டில் நாலு பேர் கண்ணில் பட்டால் பேச்சு எழும், பேச்சு எழுந்தால் அவர்கள் விடுதலைக்கே உதவலாம். அதையும் யோசித்துப் பார். என் பெயர் போட்டு நடக்கப்போகும் முதல் கண்காட்சி இது. பொன்னமராவதியில் அப்பா பாத்திரக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன்,
பிரியா


ஜெகதாப்பட்டினம்
14 ஜூலை 2024

அடியே பிரியா,

மியூசியத்து மகாராணி சத்யபிரியா அவர்களுக்கு மீன்பெட்டி மூடிக்காரி எழுதுவது. ஒரு வருஷம் கை நாற நாற வரைந்தேன். அண்ணன் சார்லஸ் ஐஸ் பிளான்ட்டிலிருந்து உடைந்த மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்கும், "இதப் போயி யாரு காசு குடுத்துப் பாக்கப் போறா?" என்று சிரித்துக்கொண்டே. அது சொன்னது சரியாகப் போய்விட்டது. இனி அதன் முகத்தில் எப்படி முழிப்பேன்? எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்தால் உங்கள் ஊரில் செல்லாதா? அழுதால்தான் டிக்கெட் கிழிப்பீர்களா?

சட்டை விஷயம் உனக்குப் புரியவில்லை. ஞாபகத்துக்காக மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாய். கேள். கடலுக்குப் போகிறவர் வீட்டில் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற சட்டையை, அவர் திரும்பி வருகிற வரைக்கும் இந்தத் தெருவில் துவைக்க மாட்டார்கள். ஆள் கடலில் இருக்கும்போது சட்டையில் தண்ணீர் பட்டால் ஆளுக்கு ஆகாது. வந்து கரையில் கால் வைத்த பிறகுதான் பொண்டாட்டியோ ஆத்தாவோ எடுத்துத் துவைப்பார்கள். சாதாரணமாக ஒரு நாள், இரண்டு நாள் சமாச்சாரம். பிடிபட்டால் மாதக்கணக்கில் ஆணியில் தொங்கும். சிரிக்காதே. நானும் படித்தவள்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் அண்ணன் படகுக்குப் போன காலத்தில் அதன் சட்டையை நான் தொட்டதில்லை. நீ மட்டும் என்ன, உங்கள் அப்பா வெளியூர் கிளம்பினால் அவர் போய்ச் சேர்ந்தேன் என்று போன் போடுகிற வரைக்கும் உங்கள் அம்மா வீடு கூட்ட மாட்டார்கள் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்.

அப்படிப்பட்ட சட்டையை ஆணியிலிருந்து கழற்றிக் கொடுங்கள், கப்பலேற்றுகிறேன் என்று போய் நிற்க வேண்டும், இல்லையா? எனக்கு நாக்கு கூசுகிறது.

ஆனால் உன்னிடம் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆசையாகவும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தே என் காலம் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன். உன் கடிதத்தில் "நடு அறை" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

கேட்டுப் பார்க்கிறேன்.

ஷர்லி


ஜெகதாப்பட்டினம்
27 ஆகஸ்ட் 2024

பிரியா,

கிடைத்துவிட்டது. ஐந்தும். இன்று புதுக்கோட்டைக்குப் போய் கூரியரில் போட்டுவிட்டு வந்தேன். சந்தோஷப்படு.

காத்தாயி மதினி வீடு தவிர மற்ற நாலு வீட்டிலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கொடுத்தார்கள். அழகம்மாள் பெரியம்மா மட்டும் மகன் சட்டையை மடித்து என் கையில் வைத்து, "எம் மயன் வந்த அன்னைக்கு இது இங்கிட்டு இருக்கணும், இல்ல ஒன்னைத் தொவச்சுக் காயப் போட்டுருவேன்" என்றாள். அது அவள் பாணி.

காத்தாயி மதினி லேசில் கொடுக்கவில்லை. நாலைந்து நாள் போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் நீ எழுதியதைச் சொன்னேன். "அங்கிட்டுப் பெரிய பெரிய ஆளுக வந்து பாப்பாக மதினி. பேப்பர்ல வரும். பேச்சு வந்தா அண்ணனை வெரசா விடுவாக" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நெசமாவா ஷர்லி?"

"நெசந்தான் மதினி."

ஆணியிலிருந்து எடுத்தாள். முகத்தில் வைத்து ஒரு மூச்சு இழுத்தாள், நான் நிற்கிறேன் என்ற வெட்கமே இல்லாமல். பிறகு சொன்னாள்: "பொங்கலுக்குள்ள வந்துரணும். தண்ணி மட்டும் படக்கூடாது. வேற ஒண்ணும் நான் கேக்கல தாயி."

அதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். தண்ணீர் படக்கூடாது. உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடு. ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் வேர்வை காய்ந்து வெள்ளையாக உப்புக்கோடு இருக்கும், அலை வந்து போன மாதிரி. அதை நான் தனித்தனியே வரைந்து வைத்துக்கொண்டேன். வரையும்போதுதான் இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கே பட்டது. நீ சொன்னது சரிதான் போல.

பேச்சு எழும், விடுதலை ஆகும் என்றாயே, அது நிஜமா? நான் ஒரு பொம்பளையிடம் சத்தியம் மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஷர்லி


ஹாம்பர்க்
6 அக்டோபர் 2024

அன்புள்ள ஷர்லி,

உனக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்று கேட்டு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. அருங்காட்சியகத்திலிருந்து இன்னொரு கடிதம் கொடுத்துப் பார்த்தோம், நடக்கவில்லை. திறப்பு விழாவில் நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கப்போகிறேன். இதை எப்படிச் சமாதானம் செய்வதென்று தெரியவில்லை.

சட்டைகள் வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து வரும் எந்தத் துணியையும் நேரே உள்ளே விட மாட்டார்கள், பூச்சி கீச்சி இருக்குமோ என்று தனி அறையில் வைத்துத்தான் பிரிப்பார்கள். பிரித்தபோது நான் இருந்தேன். அந்த வாசம், ஷர்லி. டீசல், மீன், வேர்வை, பீடி. ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். எனக்கு ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

எப்படிக் காட்டுவது என்பதில் பெரிய வாக்குவாதம். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றார்கள். முடியவே முடியாது என்று நின்றேன். கண்ணாடிக்குள் வைத்தால் அது பழங்காலத்துச் சாமான் மாதிரி ஆகிவிடும். கூரையிலிருந்து கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கவிட வேண்டும், ஜனங்கள் சட்டைகளுக்கு நடுவே நடந்து போக வேண்டும், தோளில் உரச வேண்டும். இந்தக் கண்காட்சியில் நான் பிடிவாதம் பிடித்த ஒரே விஷயம் அதுதான். திறந்து வைப்பதற்கு என்னென்ன நிபந்தனை உண்டோ அதையெல்லாம் முடித்து ஒப்புதல் வாங்கிவிட்டேன். நடு அறை, வெள்ளைச் சுவர், ஐந்து சட்டைகள். நீ பார்த்தால் அசந்துபோவாய்.

தலைப்பு மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசலாம். கொஞ்ச நாளாகச் சரியாகத் தூக்கமில்லை, வேலை அதிகம்.

உன்,
பிரியா


ஜெகதாப்பட்டினம்
10 நவம்பர் 2024

பிரியா,

போட்டோக்கள் பார்த்தேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுவரில் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். சார்லஸ் அண்ணன் ஐஸ் பிளான்ட்டில் ஒருவர் விடாமல் போனைக் காட்டிக்கொண்டு திரிகிறது. காத்தாயி மதினியும் பார்த்தாள். தன் வீட்டுச் சட்டை எது என்று உடனே கண்டுபிடித்து, விரலால் தடவினாள், போனில் படம் நகர்ந்து அடுத்த போட்டோவுக்குப் போய்விட்டது. "எவ்வளவு வெளிச்சமா வச்சிருக்காக" என்றாள்.

இப்போது மற்றது. "இல்லாதவர்கள்" என்று தலைப்பு வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் மூளை இருக்கிறதா? யார் இல்லாதவர்கள்? ஐந்து பேரும் உயிரோடு, ஜெயில் சாப்பாடு சரியில்லை என்று திட்டிக்கொண்டு இருக்கிறார்கள். நான் கொடுத்த தலைப்பு "ஆணியில் இருப்பவை". அது ஏன் பிடிக்கவில்லை? மங்களகரமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்களா நீங்கள்? மதினிக்கு இங்கிலீஷ் தெரியாதது என் நல்ல காலம். என்னம்மா எழுதியிருக்கு என்று கேட்டாள், "சட்டைகள்னு போட்டிருக்கு மதினி" என்றேன்.

முனியசாமி அண்ணனுக்கு அங்கே தீபாவளிக்கு மறுநாளிலிருந்து காய்ச்சலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வக்கீல் மூலமாகச் சேதி. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த நீலக் கட்டச் சட்டையின் முதுகுப்பக்கப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உப்புக்கோடு தெரியவில்லை. நான் வரைந்ததோடு வைத்துப் பார்த்தேன், இடது தோளிலிருந்து இறங்கும் பெரிய கோடு, அது எங்கே? காலரும் விறைப்பாக நிற்கிறது. லைட்டினாலா?

ஷர்லி


ஹாம்பர்க்
13 நவம்பர் 2024

அன்புள்ள ஷர்லி,

லைட்டினால்தான். அந்த அறையில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள், வெள்ளை எல்லாம் அடிபட்டுப் போகிறது. கவலைப்படாதே.

தலைப்புக்காக மன்னித்துவிடு. அது மூன்று பேரும் ஓட்டுப் போட்டு வந்தது.

பத்திரிகைகளில் உன் அறையைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். கூட்டம் வருவதால் கண்காட்சியை மார்ச் வரைக்கும் நீட்டித்துவிட்டார்கள். பொங்கலுக்குள் அனுப்ப முடியாது போலிருக்கிறது. நீ அவர்களிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல். முனியசாமி அண்ணன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. கட்டாயம் எழுது.

பிரியா


ஜெகதாப்பட்டினம்
30 நவம்பர் 2024

பிரியா, வந்துவிட்டார்கள்! நாலு பேரை விட்டுவிட்டார்கள். நேற்று ஊரே படகுத்துறையில் நின்றது. அழகம்மாள் பெரியம்மா மகனைக் கட்டிப்பிடித்து, அடித்து, மறுபடி கட்டிப்பிடித்து, ஒரே கூத்து. இன்று காலை என் வாசலில் வந்து நிற்கிறாள். "எங்கடி சட்டை? எம் மயன் வந்துட்டான், நான் தொவைக்கணும். தொவைக்காம அவன் வந்தும் வராத மாதிரியே இருக்கு எனக்கு." மற்ற மூன்று வீட்டிலும் புதுச் சட்டை எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள். இவள் விடுவதாக இல்லை.

முனியசாமி அண்ணனை மட்டும் விடவில்லை. படகு ஓட்டியவர் என்பதால் அவருக்குத் தண்டனை அதிகம். ஆஸ்பத்திரியில்தான் இன்னும் இருக்கிறார். மதினி படகுத்துறைக்கு வந்து ஓரமாக நின்று எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு வந்தால் விடுவார்கள் என்று சொன்னேனே, பேப்பரில் வந்ததே, பின்னே ஏன் அவரை விடவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அழகம்மாள் மகன் சட்டையை மட்டுமாவது அனுப்பு.

ஷர்லி


ஜெகதாப்பட்டினம்
4 ஜனவரி 2025

சத்யபிரியா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் ஒரு பொம்மைப் படத்தோடு அனுப்பினாய்.

முனியசாமி அண்ணன் இறந்துவிட்டார். 28ஆம் தேதி, அங்கே ஆஸ்பத்திரியில். காய்ச்சல் நெஞ்சுக்குள் போய்விட்டதாம், டாக்டர்கள் முயற்சி பண்ணினார்களாம். பெட்டியை விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் முந்தாநாள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சீல் வைத்த பெட்டி. திறக்கக்கூடாது என்று உத்தரவு. கண்ணாடி வழியாக முகம் மட்டும் தெரிந்தது. மதினி அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பவுடர் போட்டிருந்தார்கள். "இது அவுக மாதிரி இல்லையே, அவுக மாதிரி இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெட்டியோடு அப்படியே அடக்கம் செய்தோம்.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "ஷர்லி, அந்தச் சட்டைய வாங்கிக் குடு. அவுக வாசம் இனி அதுல மட்டுந்தான் இருக்கு" என்றாள்.

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குள் அந்தச் சட்டை இங்கே இருக்க வேண்டும். மார்ச், கண்காட்சி, ஓட்டுப் போட்டோம் என்று ஏதாவது எழுதினால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன்.

ஷர்லி


ஹாம்பர்க்
7 ஜனவரி 2025

ஷர்லி,

இந்தக் கடிதத்தைப் பார்சலுக்குள் வைக்கிறேன். நீ தனியாக இருக்கும்போது பிரி. மதினியின் முன்னால் பிரிக்காதே.

சட்டையில் தண்ணீர் பட்டுவிட்டது. அக்டோபர் முதல் வாரத்திலேயே பட்டுவிட்டது. நான்தான் துவைக்கச் சொன்னேன்.

கண்ணாடிப் பெட்டியில் வைப்பதானால் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அப்படியே வைக்கலாம். திறந்து தொங்கவிடுவதானால் வேர்வையும் மீன் எண்ணெயும் இருக்கக்கூடாது, பூச்சி வந்து மற்றவர்கள் படைப்புகளும் கெட்டுப்போகும், துவைத்துத்தான் மாட்ட வேண்டும் என்பது இங்கே விதி. ஹெல்கா கண்ணாடியே போதும் என்றாள். அவள்மேல் பழி போட வழியில்லை எனக்கு. துணிகளைப் பராமரிக்கும் அம்மாள் என்னிடம் இரண்டு தடவை கேட்டாள், கலைஞருக்குச் சம்மதமா என்று. சம்மதம் என்றேன். உன் கடிதம் என் பைக்குள் இருந்தது. "தண்ணி மட்டும் படக்கூடாது" என்று நீ எழுதியது எனக்கு மறக்கவில்லை. அம்மா வீடு கூட்டாமல் அப்பாவின் போனுக்காக உட்கார்ந்திருப்பதும் ஞாபகம் வந்தது. எல்லாம் ஞாபகம் இருந்துதான் தலையாட்டினேன். தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே ஜனங்கள் நடந்து போவது என் கண்ணுக்குள் வந்துவிட்டது, அதை விட முடியவில்லை. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

பக்கத்தில் நின்றேன். அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். சட்டையை இறக்கியதும் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. நீ வரைந்த அந்த உப்புக்கோடு முதலில் போய்விட்டது. அந்த அம்மாள் "நன்றாக வருகிறது" என்றாள். உனக்கு லைட்டு என்று எழுதினேன்.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. உன் கடிதம் வந்த மறுநாள் நீலச் சட்டையைக் கம்பியிலிருந்து இறக்கி வீட்டுக்கு எடுத்து வந்தேன். மீன் மார்க்கெட்டில் மீன் வாங்கி, காகிதத்தில் சுற்றி, சட்டைக்குள் வைத்து மூடினேன். பீடிக்குப் பதில் சிகரெட் பற்றவைத்துப் புகை காட்டினேன். நம்பிவிடுவாள் என்று நினைத்தேன், ஷர்லி. காலையில் எடுத்து மோந்து பார்த்தால் அது ஹாம்பர்க் மார்க்கெட் மாதிரி இருந்தது. ஒரு மனுஷன் மாதிரி இல்லை. குளியலறையில் உட்கார்ந்து அதை மறுபடி துவைத்தேன். இரண்டாவது தடவை தண்ணீர் பட்டது என் கையால்தான்.

ஹெல்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, ஒருவர் இறந்துவிட்டார் என்பதை அறிவிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். அந்த இடத்தில் வெற்றுக் கொக்கி மட்டும் தொங்குகிறது, அதை அப்படியே விடச் சொன்னாள். இப்போது எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். மெயிலில் ஒரு படம் உனக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

அழகம்மாள் மகன் சட்டையையும் இன்று காலை இறக்கி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். அதுவும் துவைத்ததுதான்.

நான் வருகிறேன். அடுத்த மாதம் லீவு சொல்லிவிட்டேன். மதினியின் காலில் விழுந்து நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

பிரியா


ஜெகதாப்பட்டினம்
16 ஜனவரி 2025

பிரியா,

பார்சல் 11ஆம் தேதி வந்தது. பொங்கலுக்குள் வந்துவிட்டது, சொன்ன சொல் தவறவில்லை நீ.

தனியாகத்தான் பிரித்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைக் கண்டபடி திட்டினேன், சுவரைப் பார்த்து. வெள்ளைக்காரி கண்ணாடி போதும் என்றாளாம், பொன்னமராவதிக்காரிக்குப் போதவில்லையாம்! திட்டி முடித்த பிறகுதான் அந்த மெயில் ஞாபகம் வந்தது. வெற்றுக் கொக்கிப் படத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைச் சுவர், நாலு சட்டை, ஒரு கொக்கி. நன்றாக இருக்கிறது, பிரியா. ரொம்ப நன்றாக இருக்கிறது. அப்படித் தோன்றியதற்கு என்னை எதால் அடிப்பது? அந்தச் சட்டையை ஆணியிலிருந்து எடுக்க வைத்தது நான். விடுவார்கள் என்று சொன்னது நான். நீ தண்ணீரில் நனைத்தாய், அவ்வளவுதான்.

அழகம்மாள் பெரியம்மா தன் மகன் சட்டையை மோந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கின கையோடு குழாயடிக்குப் போனாள். பளிச்சென்று இருந்த சட்டைக்கு சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்து, கல்லில் அடித்து, கொடியில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "இப்பத்தான்டி எம் மயன் வந்தான்" என்றாள்.

மதினியிடம் மறுநாள், காரியத்தன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முகத்தில் வைத்தாள். அன்றைக்கு இழுத்த மாதிரி ஒரு மூச்சு. எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். காலரில், அக்குளில், பைக்குள், எல்லா இடத்திலும் தேடினாள். நான் அங்கேயே செத்துப் போயிருக்கலாம்.

"சோப்பு வாசம் அடிக்குது, ஷர்லி."

"ஆமா மதினி."

கலைந்த காலரை மடித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "எப்ப தொவச்சாக?"

அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. உனக்கும் புரியும். அக்டோபரில் தண்ணீர் பட்டது, தீபாவளிக்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவளுக்கு அப்படி இல்லை. ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவள் கை. அந்தத் தேதியை நான் சொன்னால், தானே புருஷனை அனுப்பி வைத்ததாக ஆயுசு பூராவும் நினைப்பாள்.

"அண்ணன் போன சேதி வந்தப்புறந்தான் மதினி" என்றேன். "அங்கிட்டு இறந்தவுக துணிய அப்படியே குடுக்க மாட்டாகளாம். தொவச்சுத்தான் குடுப்பாகளாம்."

வாயிலிருந்து இவ்வளவு சரளமாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

"சேதி வந்தப்புறந்தானா?"

"சத்தியமா."

அவள் உடம்பு தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். "அப்பச் சரி" என்றாள். "வாசந்தான் போச்சு. நான் பயந்தே போயிட்டேன்." சட்டையை மடியில் வைத்து நீவினாள். "யாரு தொவச்சது?"

உன் பெயரைச் சொன்னேன். அது ஒன்றுதான் நான் சொன்ன நிஜம்.

"அந்தப் புள்ள கையாலயேவா? நம்ம பக்கத்துப் புள்ளைல்ல அது. நாந்தான் தொவைக்கணும், எனக்குக் குடுத்து வைக்கல. எனக்குப் பதிலா அது செஞ்சிருக்கு. நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி அழுதாள். காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், சீமையிலே ஒரு பிள்ளை அவர் சட்டையைத் தன் கையால் துவைத்து, மடித்து அனுப்பியிருக்கிறது என்று. நேற்று ஒரு பை நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து வைத்தாள். உனக்காம். அனுப்ப முடியுமா என்று கேட்டாள். முடியாது மதினி, அது வரும்போது கொடுக்கலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. என்னையே இன்னும் மன்னிக்கவில்லை. என் பெயரைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லி எழுத நினைத்தேன். எழுதவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா. ஆனால் சொல்வதற்காக வராதே. நீ சொல்லிவிட்டு, காலில் விழுந்து அழுதுவிட்டு, இலேசாகி விமானம் ஏறிவிடுவாய். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு இங்கே அவள்தான் இருக்க வேண்டும். சொல்லாமல் இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறாயே, முடியும். எனக்கு முடிகிறது.

நீ வந்தால் மதினி உனக்குச் சோறாக்குவாள். இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள், என்ன மீன் பிடிக்கும் அந்தப் பிள்ளைக்கு என்று. இலை போட்டு, குழம்பு ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போட்டுக்க தாயி என்பாள். ஆணியில் அந்தச் சட்டை தொங்கும். நீ சாப்பிட வேண்டும்.

ஷர்லி